பேரீச்சம்பழத்துக்குத் தப்பிய இரும்பு

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்ற குரல் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் மத்தியானத் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டிருந்தது. இப்போது பேரீச்சம்பழம் மறைந்துவிட்டது. தராசும் ரூபாய் நோட்டும் ஒலிபெருக்கி கட்டிய சிறு வண்டியும் அதன் ஸ்தானத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் வியாபாரத்தின் தத்துவம் மாறவில்லை. எதையும் எடையால் மதிப்பது என்பதே அந்தத் தத்துவம். தராசுக்கு ஓட்டை வாளியும் ஒன்றுதான். ஒரு மனிதர் 30 வருஷ காலம் கைபிடித்து உழைத்த கருவியும் ஒன்றுதான். தராசின் மீது நமக்குக் கோபமில்லை. அது கற்ற வித்தை அவ்வளவே. வீட்டுக்காரர்களும் நாளடைவில் தராசின் கண்களைக் கொண்டே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்களே, அதுதான் நமக்கு விசாரமாயிருக்கிறது.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு கருவியைப் பற்றி. பட்டறைக்காரர்கள் அதை 'வைஸ்' என்பார்கள். அகராதியில் 'பிடிசிராவி' என்று நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்கும் அன்பர்கள் வெறுங்கையுடன் திரும்பத் தயாராயிருக்க வேண்டும். ஆகவே நாமும் வைஸ் என்றே சொல்லி வருவோம். மேஜையின் விளிம்பில் நாலு போல்ட்டுகளால் இறுக்கிப் பூட்டப்பட்டு, இரண்டு தாடைகளைத் திறந்துகொண்டு முதலையைப்போல் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சாதனம் அது. ஒரு தாடை அசையாது. மற்றொன்று திருகின் வசப்பட்டு முன்னும் பின்னும் நகரும். அறுக்கவோ, அராவவோ, துளையிடவோ வேண்டிய சாமானை இடையில் வைத்துத் திருகினால் அது கல்லில் பதித்தாற்போல் நிற்கும்.

நம் நாட்டுத் தச்சரும் கொல்லரும் இந்தச் சாதனம் இல்லாமலே எத்தனையோ நூற்றாண்டுகள் அற்புதமான வேலைகளைச் செய்திருக்கிறார்கள். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மரத்தைப் பாதத்தால் அழுத்தி, கால் விரல்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் உளிக்கும் கொட்டாப்புளிக்கும் விட்டுவிடுவார்கள். கால் விரல்களே நம்முடைய பழைய வைஸ் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் இரும்புத் துண்டு ஒன்றை மயிரிழை பிசகாமல் சமதளமாக அராவுவதற்குக் கால் விரல் போதாது. இரும்பு அசையாதிருக்க வேண்டும். அராவுகிறவன் நின்றுகொண்டு தன் உடல் முழுவதையும் அரத்தின் பின்னால் செலுத்த வேண்டும். அதற்காகவே வைஸ் வந்தது. ரெயில் வந்தபோது ரெயில் பட்டறைகளும் வந்தன. பட்டறைகளுடன் வைஸ் வரிசைகளும் வந்தன.

அதன் சூட்சுமத்தை அறிய யந்திர சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. சேவை நாழி உள்ள வீட்டில் அது ஏற்கனவே இருக்கிறது. மேலே கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, கெட்டியான மாவு நூல் நூலாகக் கீழே இறங்குகிறதே, அதுவே திருகின் மகிமை. கணக்குப் பார்க்க விரும்பும் நேயர்களுக்குச் சொல்லுகிறோம்: வைஸின் திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் முன்னேறுவதாகவும், நம் கை நடு அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பிடியைப் பற்றியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் கை 1,250 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பிரயாணம் செய்கிறது. தாடையோ 5 மில்லிமீட்டர்தான் நகருகிறது. ஆகவே பலம் 250 மடங்கு பெருக வேண்டும். 10 கிலோ பாரத்துக்குச் சமமான பலத்தைக் கொடுத்தால் 2,500 கிலோ கிடைக்க வேண்டும். உராய்வு என்னும் வரி வசூலிப்பவர் அதில் ஐந்தில் நாலு பங்கை எடுத்துக்கொண்டாலும் 500 கிலோ மிஞ்சும். இந்த வரியைக் கண்டு வருந்தவும் வேண்டாம். உராய்வு அவ்வளவு இருப்பதனால்தான் கையை எடுத்த பிறகும் திருகு தானாகத் திரும்பிக் கழன்றுவிடாமல் நிற்கிறது.

*

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மார்க்கத்தில், திருவள்ளூர் ரெயில் நிலையத்துக்கு அருகே மணவாள நகர் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்த வழியாகத்தான் சென்றது. வெகு காலம் வரை திருவள்ளூர் என்றால் வீரராகவப் பெருமாளும், அமாவாசைக் கூட்டமும், குளத்தில் வெல்லம் கரைக்கும் பிரார்த்தனையுமே ஜனங்களின் ஞாபகத்துக்கு வரும். 1970-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் மண் வாரும் பெரிய யந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலையை இந்தப் பக்கத்தில் நிறுவினார்கள். பிற்காலத்தில் அது கேட்டர்பில்லர் கம்பெனியின் கைக்கு மாறிற்று. 1998-இல் அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் திருவள்ளூருக்கு அருகில் மிட்ஸுபிஷி லான்ஸர் கார்களைக் கட்டத் தொடங்கினார்கள். காக்களூரில் சிறு தொழிற்பேட்டை எழுந்தது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகமும் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் பெருகின. இவற்றின் பயனாக, பிட்டர், டர்னர், வெல்டர் என்ற பட்டங்கள் மணவாள நகரைச் சுற்றியுள்ள தெருக்களில் பி.ஏ., எம்.ஏ. பட்டங்களைப்போல் சகஜமாகிவிட்டன.

இத்தகைய பிட்டர் ஒருவர் நம் நண்பராயிருந்தார். ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை போட்டு, சால் மரப் பலகையில் ஒரு மேஜை கட்டி, அதில் 5 அங்குலத் தாடையுள்ள வைஸ் ஒன்றைப் பூட்டியிருந்தார். தெருவில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும், எந்தப் பையனுடைய சைக்கிள் பெடல் வளைந்தாலும் அந்த மேஜைக்குத்தான் வரும். அவர் காலமாகி நாலு வருஷமாகிறது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் அடித்தபோது தகரக் கூரை பறந்துபோயிற்று. அதை மீண்டும் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதன் பிறகு பெய்த மழை எல்லாவற்றையும் வைஸ் தன் தலையிலேயே வாங்கிக்கொண்டது.

சென்ற மார்கழியில் அந்த வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. நண்பரின் மனைவியார் பின்கட்டைச் செப்பனிட்டு வாடகைக்கு விட எண்ணினார். தை மாதம் முதல் ஒரு குடும்பம் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அந்த வாடகை அவ்வீட்டுக்கு ஆடம்பரமன்று. பெண்ணின் படிப்புச் செலவுக்கு அதையே நம்பியிருந்தார். ஆகவே மேஜை போக வேண்டும். மேஜையுடன் வைஸும் போக வேண்டும். வண்டிக்காரன் வந்து எடை போட்டான். 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சில நூறு ரூபாய் தருவதாகச் சொன்னான். இதே அளவில் நம்பகமான புது வைஸ் ஒன்றைப் பிராட்வேயிலோ செம்புதாஸ் தெருவிலோ வாங்கப் போனால் பல ஆயிரம் கேட்பார்கள்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் படிப்புப் படிக்கும் பெண், "விற்கக் கூடாது" என்றாள். தாயார் நம்மைப் பார்த்து, "அண்ணா, நீங்களே சொல்லுங்கள். துருப்பிடித்து இறுகிப்போன இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. கண்ணில் படாமலிருந்தாலாவது நிம்மதி" என்றார். இதற்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்? பேசாமலிருந்தோம். முடிவில் அந்த அம்மாளே ஒரு தீர்ப்புச் சொன்னார். போகிப் பண்டிகைக்குள் அந்த வைஸ் வேலை செய்ய வேண்டும். செய்தால் மாடிப்படிக்குக் கீழே இடம் தருவார். இல்லாவிட்டால் போகியன்று வண்டிக்காரனுக்கு.

கெடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். அப்பெண் வேலை செய்தாள்; நாம் முக்காலியில் அமர்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டு மேற்பார்வை செய்தோம். பத்திரிகைக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான உத்தியோகம் அது.

*

பழைய வைஸைக் கண்டதும் அதன் துருவைப் பார்த்து மனம் தளருவது இயற்கை. ஆனால் துரு அவ்வளவு முக்கியமல்ல. திருகு தேய்ந்தால் கடைசல் பட்டறையில் வேறு செய்துகொள்ளலாம். நட்டைப் புதிதாக வார்த்துக்கொள்ளலாம். தாடைத் தகடுகள் இரண்டிரண்டு திருகாணிகளால் பொருத்தப்பட்டவை. மாற்றுவதற்கென்றே அப்படி அமைக்கப்பட்டவை. மாற்ற முடியாதது ஒன்றே. வார்ப்பிரும்பாலான உடல் அது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நாலு பங்கு வரை கரி கலந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி மெல்லிய ஏடுகளாக உள்ளே பரவி நிற்கிறது. அதனால் அது அழுத்தத்தைத் தாங்குவதில் யானை. அடியைத் தாங்குவதில் மண்பாண்டம். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "விரிசல் இருக்கிறதா?" என்பதுதான்.

மண்பானை வாங்கும் பாட்டிமார்கள் விரலால் தட்டிப் பார்ப்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். வைஸுக்கும் அதே பரீக்ஷைதான். சிறு சுத்தியால் இலேசாகத் தட்டினால், விரிசலற்ற வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிந்தது 'டொக்'கென்று கம்மும். நகரும் தாடையைத் தட்டியபோது அது கம்மிற்று. பெண்ணின் முகமும் கம்மிற்று. ஆயினும் அவள் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆடுகிற தகடு ஒன்று மேலே இருந்தாலும் நாதம் கெடும் அல்லவா? "தகட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் தெரியும், மாமா" என்றாள்.

கழற்றுவது எப்படி? தாடை ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அண்டை வீட்டார் ஒருவர் பரோபகாரச் சிந்தையுடன் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொருவர் கைப்பிடியில் நாலடிக் குழாய் ஒன்றைச் செருகி நெம்பலாமென்றார். பழைய வைஸ்களில் பெரும்பாலானவை துருவினால் சாவதில்லை. இத்தகைய அன்பர்களின் உதவியினால்தான் சாகின்றன. கைப்பிடியின் நீளத்தை அதைச் செய்தவன் அளந்தே வைத்திருக்கிறான். அதற்கு மேல் நெம்பினால் திருகு வளையும். அல்லது உடல் பிளக்கும். பெண் இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அவள் செய்தது இது. மேஜையிலிருந்து வைஸைக் கழற்றி, மூக்கு மேலே இருக்கும்படி ஒரு தொட்டியில் நிறுத்தினாள். திருகும் நட்டும் சேரும் இடத்தில் டீசலும் சிறிது யந்திர எண்ணெயும் கலந்து ஊற்றினாள். முன்காலத்தில் இதற்கு மண்ணெண்ணெய்தான் சம்பிரதாயம். அது கிடைப்பது அருமையாகிவிட்டபடியால் டீசல். தினம் காலையில் கல்லூரிக்குப் போகுமுன் ஒரு முறையும், மாலையில் ஒரு முறையும் ஊற்றி, மரச் சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினாள். அந்த அதிர்ச்சியில் எண்ணெய் உள்ளே இறங்கும். ஐந்தாம் நாள் மாலை கைப்பிடி கால் அங்குலம் அசைந்தது. அசைந்ததும் ஆனந்தப்பட்டு ஒரேயடியாகத் திருகிவிடக் கூடாது. கால் அங்குலம் முன்னே, கால் அங்குலம் பின்னே; மேலும் எண்ணெய்; மறுபடியும் முன்னே, பின்னே. ஒவ்வொரு முறையும் செங்காவிக் குழம்பு வழிந்தது. இரண்டாவது ஞாயிறு வந்தபோது நகர்தாடை முழுவதும் வெளியே வந்துவிட்டது. தாடைக்குப் பின்புறத்தில் திருகைப் பிடித்திருந்த பிளவாணியையும் வளையத்தையும் சுருள்வில்லையும் எடுத்ததும் திருகு தனியாகக் கழன்றது.

தாடைத் தகட்டின் திருகாணிகள் வேறு சோதனை வைத்தன. தலையிலுள்ள பள்ளம் துருவினால் மூடியிருந்தது. கோணி ஊசியால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பற்றவைக்கும் கோலைக் காய்ச்சி ஆணியின் தலையில் மட்டும் வைத்துச் சுட்டு, ஆறியபின் திருப்புளியைச் செங்குத்தாக நிறுத்தி ஓர் அடி அடித்துத் திருப்பினாள். நாலில் மூன்று வந்தன. நான்காவதைத் துளையிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. தகட்டை எடுத்துவிட்டு மறுபடியும் தாடையைத் தட்டினாள். கணீரென்றது! அந்த ஒலி வீரராகவர் கோயில் மணியைவிட அப்போது நமக்கு இனிமையாயிருந்தது என்று எழுதினால், பெருமாள் மன்னிப்பார்.

ஆனால் சந்தோஷம் முழுமையாக நிலைக்கவில்லை. உடலின் அடிப்பாகத்தில், போல்ட் செல்லும் காதுகளில் ஒன்றைச் சுற்றி அவளுக்குச் சந்தேகம் இருந்தது. இதற்கும் பழைய பட்டறை வழி ஒன்று உண்டு. சந்தேகமான இடத்தில் மெல்லிய எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பிறகு சுத்தமாகத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியின் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு கிழித்துக் காட்டும். கோடு தெரிந்தது. காதின் ஓரத்திலிருந்து புறப்பட்டு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக ஓடி நின்றது.

வெல்டிங் செய்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது வித்தை தெரிந்தவர் காரியம். முன்கூட்டிச் சமமாகச் சூடேற்றி, நிக்கல் கலந்த கம்பியைக்கொண்டு பற்றவைத்து, மிக மெதுவாக ஆறவிட வேண்டும். சாலையோரக் கடையில் கேட் செய்கிறவரிடம் கொடுத்தால், ஒரு விரிசலுக்குப் பதில் மூன்றுடன் திரும்பி வரக்கூடும். அப்பெண் வேறு வழி தேடினாள். விரிசல் முடியும் முனையில் 3 மில்லிமீட்டர்த் துளை ஒன்று இட்டாள். கூர்முனை வட்டமாகிவிட்டால் அங்கே குவியும் அழுத்தம் பரவி, விரிசல் மேலே ஓடத் தயங்கும். பிறகு அந்தக் காதின் மேலும் பக்கத்துக் காதின் மேலும் சேர்ந்து உட்காரும்படி ஒரு தடித்த எஃகுப் பட்டையை வைத்து, போல்ட்டின் பாரம் இரண்டிலும் பகிர்ந்து விழும்படி செய்தாள். இது பூரண சிகிச்சையல்ல. அவளும் அப்படிச் சொல்லவில்லை. இந்த வைஸில் வைத்து இனிச் சம்மட்டி வேலை செய்யக் கூடாது. அறுக்கலாம், அராவலாம், துளையிடலாம். வீட்டுக்கு அது போதும்.

*

துருவைப் போக்கும் வழிகளைப் பற்றி ஒவ்வொரு பட்டறைக்காரருக்கும் ஒவ்வொரு மதம் இருக்கிறது. புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு உதவுவதுபோல், வினிகர் இரும்புக்கு உதவும். ஆனால் அதிக நேரம் ஊறினால் துருவுடன் இரும்பையும் தின்றுவிடும். மின்சார வழி இன்னும் சாது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஐந்து லிட்டருக்கு ஒரு மேஜைக் கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, சாமானை அதில் தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையைச் சாமானிலும், நேர்முனையைப் பயனற்ற இரும்புத் துண்டு ஒன்றிலும் இணைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரவு முழுவதும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். காலையில் துரு கருஞ்சேறாகக் கழன்றுவிடும். குமிழியாக வருவது ஹைட்ரஜன் வாயு. ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. நேர்முனையில் எவர்சில்வர்க் கரண்டியை மாட்டிவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் விஷமுள்ள உப்பாக நீரில் இறங்கும். சுருள்வில்லை மட்டும் இந்தத் தொட்டியில் போடாமல் எண்ணெயில் ஊறவைப்பது நலம். கடினப்படுத்திய எஃகு ஹைட்ரஜனைக் குடித்து நொறுங்கும் சுபாவமுள்ளது.

கடையில் விற்கும் துரு மாற்றும் மருந்துகள் பலவற்றில் டானிக் அமிலம் இருக்கிறது. அது துருவைக் கறுப்பாக்கி நிலைக்கச் செய்யும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே ரசாயனந்தான். ஏட்டில் எழுதிய மையும் இரும்பில் தடவும் மருந்தும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது நமக்கு வேடிக்கையாயிருக்கிறது.

பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில்தான் அமுலுக்கு வந்தது. அதற்கு முந்திய வர்ணங்களை, அதிலும் யந்திர வர்ணங்களை, நம்பக் கூடாது. உலர்ந்த நிலையில் தேய்த்துப் புழுதி கிளப்பாமல் நனைத்துச் சுரண்ட வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. சுரண்டியதைக் காகிதத்தில் பொதிந்து அப்புறப்படுத்த வேண்டும்.

அந்த வர்ணத்துக்குக் கீழேதான் ஓர் அதிசயம் காத்திருந்தது. நம் நண்பர் உயிரோடிருந்தவரை இது 'சீமை வைஸ்' என்றே சொல்லிவந்தார். ஷெபீல்டில் செய்ததென்றும், அந்தக் காலத்து இரும்பு இப்போது வராதென்றும் சொல்லுவார். ஷெபீல்டின் 'ரெக்கார்டு' வைஸ்களும் யார்க்ஷயரிலுள்ள ஷிப்லியின் பார்க்கின்ஸன் வைஸ்களும் பிரசித்தமானவை என்பதில் சந்தேகமில்லை. சிக்காகோவில் 1941-இல் தொடங்கப்பட்ட வில்ட்டன் கம்பெனியின் வைஸ்களை அமெரிக்காவில் இன்றும் தேடித் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். ஆனால் பச்சை, சாம்பல், மறுபடியும் பச்சை என்று மூன்று பூச்சுக்களையும் சுரண்டியபோது வார்ப்பில் புடைத்து நின்ற ஆங்கில எழுத்துக்களில் படிக்க முடிந்தது 'இந்தியா' என்ற ஒரு வார்த்தை மட்டுமே. செய்தவர் பெயர் தேய்ந்து மறைந்துவிட்டது. 1947-க்குப் பிறகு பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா நகரங்களில் கைக்கருவித் தொழில் ஓங்கி வளர்ந்தது. அங்கே வார்த்த வைஸ்கள் அயல் நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. இதுவும் அத்தகைய ஒரு வார்ப்புப் பட்டறையில் பிறந்திருக்கலாம். வேறெங்கேனும் பிறந்திருக்கவும் கூடும். எங்கே பிறந்தாலும், மழையில் கிடந்தும் திருகு தேயாமலும் வார்ப்பு குலையாமலும் இருந்தது. 'சீமைச் சரக்கு' என்று புகழ்ந்தே நம் நண்பர் சுதேசிச் சரக்கை ஆயுள் முழுவதும் உபயோகித்திருக்கிறார்!

தாயாருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. "அவர் பொய் சொல்ல மாட்டாரே" என்றார். "அப்பாவுக்கு விற்றவன் அப்படிச் சொல்லியிருப்பான், அம்மா" என்று பெண் சமாதானம் செய்தாள். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். வர்ணம் அடிக்கும் கட்டம் வந்தபோது, கைப்பிடிக்கு மட்டும் அடிக்க வேண்டாமென்று தடுத்தார். கைப்பிடியின் ஒரு பக்கம் வருஷக்கணக்கில் கை பட்டு வழுவழுப்பாயிருந்தது. காரணம் அவரும் சொல்லவில்லை, பெண்ணும் கேட்கவில்லை. நல்ல வேளையாகப் பட்டறை விதியும் அதுவே. கைப்பிடி, திருகு, நகர்தாடை வழுக்கிச் செல்லும் பரப்பு ஆகிய மூன்றிலும் வர்ணம் கூடாது, எண்ணெய்தான் வேண்டும். எண்ணெயும் மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும். கெட்டிக் கொழுப்பை அப்பி வைத்தால் அரத்தூள் அதில் ஒட்டி, திருகை அரைக்கும் சாணைச் சாந்தாகிவிடும்.

தாடைத் தகடுகளில் பழையபடி கொத்துப் போடுவதா என்ற பிரச்னை எழுந்தது. கொத்துள்ள தகடு வழுக்காது. ஆனால் பித்தளையையும் அலுமினியத்தையும் கடித்துத் தடம் பதித்துவிடும். வீட்டில் வரும் வேலைகளில் பாதி அவைதாம். ஆகவே காக்களூரில் ஒரு பட்டறையில் சாதாரண எஃகுப் பட்டை வாங்கி, அளந்து அறுத்து, வழவழப்பான தகடுகளாகவே செய்து பூட்டினாள். இது நமக்கு மிகவும் பிடித்தது. பழைய பொருளைப் புதுப்பிப்பதென்றால் அது கடையிலிருந்து வந்த நாளில் எப்படியிருந்ததோ அப்படியே ஆக்குவது என்று சிலர் எண்ணுகிறார்கள். கண்காட்சிச் சாலைக்கு அது சரி. நாளைக்கு அதில் என்ன வேலை நடக்கப்போகிறது என்பதைக் கருதிச் செப்பனிடுவதே கிருஹஸ்தர்களுக்கு ஏற்றது.

திருகைப் பூட்டியபின் கைப்பிடியைத் திருப்பினால், கால் சுற்று வெறுமே சுழன்ற பிறகுதான் தாடை நகரத் தொடங்கியது. இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மரைகளுக்கிடையே அவ்வளவு இடைவெளி இருப்பது சகஜம். வைஸ் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் இறுக்குகிறது. இறுகியபின் இடைவெளிக்கு அங்கே வேலையில்லை.

போகிக்கு முதல் நாள் மாடிப்படிக்குக் கீழே மேஜை அமைந்தது. வைஸைப் பூட்டும் உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதன்முன் நிமிர்ந்து நின்று, கையை மடக்கி முஷ்டியை மோவாயின் கீழ் வைத்தால், முழங்கை தாடையின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். அதற்கு மேலிருந்தால் தோள் நோகும். கீழிருந்தால் இடுப்பு நோகும். மேஜையோ தகப்பனார் உயரத்துக்குக் கட்டியது. அவர் நெடிய மனிதர். காலை அறுத்துக் குறைக்கலாமென்று நாம் யோசனை கூறினோம். பெண் ஒப்பவில்லை. தான் நிற்பதற்கு மூன்று அங்குல உயரத்தில் ஒரு பலகை செய்து போட்டுக்கொண்டாள். அந்தப் பலகையே புதுப்பித்த வைஸில் பிடித்து அறுத்த முதல் சாமான்.

பொங்கல் கழிந்து பின்கட்டில் குடி வந்தாகிவிட்டது, வாடகையும் வருகிறது. தெருவிலுள்ளவர்கள் மறுபடியும் சைக்கிள் பெடலும், பம்பின் இறுகிய நட்டும், காது உடைந்த வாணலியும் எடுத்துக்கொண்டு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரிடம் கூலி வாங்குவது அழகல்ல என்பது தாயாரின் கட்சி. அப்பா வாங்காததனால்தான் அரங்களைக்கூட மாற்ற முடியாமல் மொட்டையாக விட்டுப்போனார் என்பது பெண்ணின் கட்சி. சென்ற வாரம் நாம் போயிருந்தபோது வழக்கு நம்மிடம் வந்தது. வாய்தா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.